வேப் (மின்சிகரெட்) பழக்கம்: அருகிலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஈசூன் அக்கா:
லிஃப்ட் பழுது, தம்பியும் நானும் படியேறினோம். இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். பள்ளியில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதலாக வந்தவன்! முதுகைத் தடவினேன், சட்டையில் மாம்பழ வாசனை. வாசனை சேர்த்த வேப் இழுக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. அதற்கு முன் மூன்று மாதத்தில் நான்கு முறை சளிக்காய்ச்சல். அம்மா கசாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வேறு யாருக்காவது இப்படி அடிக்கடி சளி பிடித்ததா?

இல்லினாய் ஆய்வகம்:
பிடிக்கும். மூச்சுக்குழாயில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள்தான் சளியை மேலே தள்ளுபவை. வேப் ஆவி பட்டுப்பட்டு அவை மந்தமாகும், கிருமியை விழுங்கும் அணுக்களும் அப்படித்தான். 2019இல் ஒரு சின்னப் பையனின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் எங்களிடம் வந்தது. கொழுப்புச் சாயம் போட்டுப் பார்த்தேன். கிருமியைத் தின்ன வேண்டிய அணுக்களுக்குள் எண்ணெய்த் துளிகள், செக்கச்செவேலென்று. அந்தச் சிவப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த பிப்ரவரிக்குள் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் பழுதாகி 2,807 பேர் மருத்துவமனையில், 68 சாவு.

லண்டன்வாசி:
அந்த அமெரிக்க நோயையும் சாதாரண நிக்கோட்டின் வேப்பையும் குழப்பாதீர்கள். 2019இல் படுத்தவர்களில் பெரும்பாலோர் இழுத்தது கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெய். அதில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம். பதினான்கு வருட சிகரெட்டை நான் விட்டதே வேப்பால்தான், சிகரெட்டை நிறுத்த இங்கே மருத்துவர்களே அதைச் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று. ஒருநாள் நள்ளிரவு நெஞ்சு படபடத்து விழித்தேன். கை தானாகத் தலையணைக்கடியில் வேப்பைத் தேடிக்கொண்டிருந்தது. அன்று பயந்தேன்.

சிராங்கூன் அப்பா:
லண்டன்வாசி, அந்தத் தம்பி சிகரெட்டை நிறுத்த வேப் எடுத்தவனாகத் தெரியவில்லையே, உங்கள் கணக்கு அவனுக்கு எப்படிப் பொருந்தும்? என் மகன் ஒருநாள் கண் சொருகித் தள்ளாடி வீட்டுக்கு வந்தான். அதற்கு மேல் எழுத முடியவில்லை. அக்கா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வேப்பில் போடும் குப்பியில் என்ன என்று முதலில் கேளுங்கள். எட்டோமிடேட் என்ற மயக்கமருந்து கலந்தும் விற்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று சிங்கப்பூரில் அதைச் சட்டப்படி சி பிரிவு போதைப்பொருளாகச் சேர்த்தார்கள். சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரப்பதையே அது தடுக்கும், கார்ட்டிசால் குறைந்தால் காய்ச்சலை உடம்பு தாங்காது. தானாகப் போய் உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை, திட்டாமல் கூட்டிப்போங்கள். நெஞ்சைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். விட்ட முதல் வாரம் எரிந்து விழுவான், பதிலுக்குக் கத்தாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சே வேண்டாம். இரவில் கூடவே நடக்கப் போங்கள்.

ஈசூன் அக்கா:
கேட்டேன் அண்ணே. நிக்கோட்டின்தான் என்கிறான். குப்பியை என் கையில் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம்.