மூன்றாம் நாள் தோன்றி அகன்றுகொண்டே போகும் தெளிந்த வட்டம் (பிளாக்): ஃபேஜா, வேட்டை பாக்டீரியாவா?

தண்டையார்பேட்டை மாணவி:
அனைவருக்கும் வணக்கம். நுண்ணுயிரியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்ஹாம் கால்வாயில் எடுத்த நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஈ.கோலை பாக்டீரியா பரப்பிய அகார் தட்டில் இட்டேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் கடுகளவில் தெளிந்த வட்டங்கள் தெரிந்தன. ஐந்தாம் நாள் அவை மிளகளவுக்கு அகன்றுவிட்டன. ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) என்று எழுதி முடிக்கும்படி வழிகாட்டி சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்ற ஆண்டு என் தாத்தாவின் கால் புண்ணில், கொடுத்த எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிளெப்சியெல்லா தொற்றி, அவரை இழந்தோம். இது பிற பாக்டீரியாவை வேட்டையாடும் டெல்லோவிப்ரியோ என்ற பாக்டீரியா என்றால், அத்தகைய தொற்றுக்கு என்றேனும் உதவுமா?

ராயபுரம் ஆய்வகர்:
தங்கைக்கு வணக்கம். உங்கள் ஐயம் நியாயமானது. பெரும்பாலான ஃபேஜ்களுக்கு வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியா தேவை. ஆகவே அவற்றின் வட்டங்கள் ஓரிரு நாளிலேயே தோன்றி, தட்டில் வளர்ச்சி ஓய்ந்ததும் நின்றுவிடும். டெல்லோவிப்ரியோ வளர்ச்சி நின்ற இரையையும் தின்னும் என்பதால் அதன் வட்டம் தாமதமாக வந்து, நாள்தோறும் அகலும். 1962-இல் ஹைன்ஸ் ஸ்டோல்ப் இதை அறிவித்ததும் இப்படித்தான். மண்ணில் ஃபேஜ் தேடியவரின் தட்டில், எதிர்பார்த்த நாள் கடந்த பிறகு வட்டங்கள் தோன்றின.

வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டி, ஊட்டம் ஏதுமற்ற, கால்சியமும் மக்னீசியமும் சேர்த்த பஃபர் கரைசலில் ஈ.கோலையுடன் கலந்து, 30 டிகிரியில் குலுக்கி வையுங்கள். ஓரிரு நாளில் கலங்கல் தெளிந்தால் ஒரு துளியை ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் பாருங்கள். ஒற்றைக் கசையிழையால் நீந்தும் இந்தச் சிற்றுயிர், நொடிக்குத் தன் உடல் நீளத்தைப் போல் நூறு மடங்கு தூரம் கூடப் பாயக்கூடியது. இரையின் வெளிச்சவ்வில் துளையிட்டு, இரு சவ்வுகளுக்கும் இடையே புகுந்து, வந்த வழியை அடைத்துவிட்டு, உள்ளிருப்பதைச் செரித்து நீண்ட இழையாக வளர்கிறது. கோல் வடிவ ஈ.கோலை அப்போது உருண்டையாகிவிடும். மூன்று நான்கு மணி நேரத்தில் அந்த இழை பல துண்டுகளாகி, கூட்டை உடைத்து வெளியேறும்.

மற்றொன்று: எண்ணூர் முகத்துவாரத்தில் நீர் எடுத்தால் ஊடகத்தில் உப்பு சேர்க்க மறவாதீர்கள். கடல்நீரில் வேட்டையாடும் ஹாலோபாக்டீரியோவோராக்ஸ் உப்பின்றி வளராது. சிப்பி, இறால் வழியே வயிற்றுப்போக்கைத் தரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் அதன் இரைகளுள் ஒன்று.

திருவொற்றியூர் மருத்துவர்:
தாத்தாவின் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம், அம்மா. கிளெப்சியெல்லா, வெளிச்சவ்வு உடைய கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியா என்பதால் டெல்லோவிப்ரியோவுக்கு இரையாகும். மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் அதை இந்த வேட்டையிலிருந்து காப்பதில்லை. ஆயினும் எந்த வேட்டையுயிரும் இரையை அடியோடு ஒழிப்பதில்லை. இரை அருகும்போது வேட்டையும் தளரும். கால்வாயில் எந்த ஓர் இனமும் மிஞ்சிப் பெருகாமல் காப்பதற்கு உதவும் இதே இயல்பு, புண்ணில் குறையாகிவிடுகிறது. எஞ்சியதை நம் வெள்ளணுக்கள்தாம் முடிக்க வேண்டும். 2016-இல் வெளியான ஆய்வில், ஷிகெல்லா தொற்றிய வரிக்குதிரை மீன் குஞ்சுகளுக்கு டெல்லோவிப்ரியோவைச் செலுத்தியபோது பிழைத்தவை கூடின. வெள்ளணுக்களும் சேர்ந்து உழைத்ததாலேயே அந்தப் பலன் முழுமையாகக் கிட்டியது. ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் கிருமிகளுக்குள் இது புகுவதில்லை. மனிதருக்கான சிகிச்சையாக இன்னும் ஏற்கப்படவில்லை. இதைப் படிக்கும் எவரும் கால்வாய் நீரையோ அதில் வளர்த்ததையோ புண்ணருகே கொண்டுசெல்லக் கூடாது. அந்த நீரில் நோய்க்கிருமிகளும் உள்ளன.

தண்டையார்பேட்டை மாணவி:
அண்ணா, மருத்துவர் அம்மா, இருவருக்கும் நன்றி. பால் கலந்தாற்போல் இருந்த குழாய் இன்று காலை தெளிந்துவிட்டது. இரை மட்டும் இட்ட ஒப்பீட்டுக் குழாய் கலங்கலாகவே உள்ளது. துளியில் உருண்டைகள் பல அசையாமல் கிடந்தன. அவற்றினூடே காற்புள்ளி போன்ற சிறு உயிர்கள் பார்வை நிலைக்குமுன் பாய்ந்து மறைந்தன. ஓர் உருண்டைக்குள் சுருண்ட இழை தெரிந்தது. படமெடுத்துள்ளேன், நாளை வழிகாட்டியிடம் காட்டுகிறேன்.