வழவழப்புக் கீரை: ஆப்பிரிக்காவில் சாப்பிட்டவர்கள், சமைத்தவர்கள் இங்கே எழுதுங்கள்

இபாடான்வாசி:

நைஜீரியாவின் யொருபா மக்கள் சமைக்கிற எவேடுக் கீரையைத் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்பதால் அது என்ன என்று விளக்கப் போவதில்லை. எனக்கு ஒரு விஷயத்தை இறக்கி வைக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த இழை.

2014. இபாடானில் போடிஜா பக்கம் குடியிருந்தோம். மகள் பிறந்து பதினோராவது நாள், மனைவிக்கு எதுவும் இறங்கவில்லை, ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. கீழ்வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். யொருபாக்காரர். என்னைக் கூப்பிட்டு, இரு, கொடுத்து அனுப்புகிறேன் என்றார். அவருடைய சமையலறை வாசலில் நின்றேன். காம்பு கிள்ளிய இலை கொஞ்சம் காவுன், அதாவது சோடா உப்பு மாதிரியான ஒரு உப்புக்கல், சேர்த்து வெந்து கிடந்தது. அவர் இஜாபேயை, அதாவது ஈர்க்குச்சிகளைக் கட்டிய அந்தக் குட்டித் துடைப்பத்தை, சட்டிக்குள் விட்டு அடித்துக்கொண்டே இருந்தார். நடுநடுவே தூக்கிப் பார்ப்பார், நூல் அறுந்து சொட்டினால் மறுபடி அடிப்பார். கடைசியில் ஒரே இழையாக இறங்கியது. ஈரு, அதாவது புளிக்கவைத்த விதை, போட்டார், உப்பு பார்த்தார். என் மனைவிக்குத் தானே ஊட்டி விட வேண்டும் என்று கூடவே மாடிக்கு வந்தார்.

எங்கள் வீட்டில் வெண்டைக்காயையே வழவழப்பு போக வதக்கி, போகாவிட்டால் ஒரு கரண்டி தயிர் விட்டுத்தான் சாப்பிடுவோம். நான் வளர்ந்தது அப்படி. மனைவிக்குக் குமட்டிவிடப் போகிறதே என்று, யோசிக்காமல், அந்த அம்மா பார்க்கும்போதே அரை எலுமிச்சம்பழத்தைக் கிண்ணத்தில் பிழிந்து கலக்கிவிட்டேன்.

அவர் கரண்டியால் ஒரு தடவை மொண்டு தூக்கிப் பார்த்தார். தண்ணீராக விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பச்சையும் பழுத்துப்போனது. கரண்டியைச் சத்தமில்லாமல் கிண்ணத்து ஓரம் வைத்தார், குழந்தையின் காலைத் தொட்டார், கீழே போய்விட்டார்.

அதற்கு அப்புறம் நாங்கள் இரண்டு வருடம் அங்கே இருந்தோம். மொய்மொய் என்கிற ஆவியில் வேகவைத்த பயறுப் பண்டம் தந்தார், குழம்பு தந்தார், குழந்தையைப் பார்த்துக்கொண்டார். எவேடு மட்டும் ஒருநாளும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நைல்கரை:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் அண்ணா. உங்கள் எவேடுவும் எங்கள் முலுகியாவும் ஒரே செடி, சணல் செடிதான்.

கெய்ரோவில் ஷுப்ரா. பக்கத்து வீட்டுத் தேத்தா, அந்தக் குடும்பத்துப் பாட்டி, எனக்கும் அவர் தேத்தாதான். முலுகியாவை மக்ரதாவால் நறுக்குவார், இரண்டு கைப்பிடி வைத்த வளைந்த கத்தி, தொட்டில் ஆடுகிற மாதிரி ஆட்டி ஆட்டி இலையைக் கூழாக்குவது. முயல் எலும்புச் சாறு கொதிக்கும்போது கீரையைப் போடுவார்கள், ஒரு கொதி வருவதற்குள் அணைத்துவிட வேண்டும், மூடி போடவே கூடாது. கொதித்தால் இலை கீழே விழுந்துவிடும் என்பார்கள். சாறு மேலே தனியாக, பச்சை அடியில் தனியாக. நான் முதல் தடவை செய்தபோது விழுந்தது, பார்த்திருக்கிறேன்.

கடைசியில் நெய்யில் பூண்டும் கொத்தமல்லி விதைத்தூளும் சிவக்க வறுத்து அதன் தலையில் கொட்டுவார்கள். கொட்டுகிற அந்த நொடியில் சமைக்கிறவர் திடுக்கிட்ட மாதிரி 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். ஷஹ்கா. அது இல்லாவிட்டால் முலுகியா ருசிக்காது.

2019 குளிர்காலத்தில் தேத்தாவுக்கு நுரையீரல் மிகவும் மோசம். படி ஏற முடியாது, இரண்டு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். அன்றைக்கு அடுப்பில் நின்றது மகள். தேத்தாவை நாற்காலியோடு தூக்கி வந்து அடுப்புப் பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். பூண்டு சிவந்துவிட்டது, இன்னும் ஒரு கணம் விட்டால் கருகிவிடும், ஆனால் மகள் கொட்டாமல் சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்க்கிறாள். தேத்தா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். மெல்லிய விசில் மாதிரி வந்தது. மகள் கொட்டினாள்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நெய் பொரிந்த சத்தம் நினைவில் இல்லை, அந்த மூச்சுதான்.

மேற்குகென்யா_ஆசிரியர்:

இருவருடைய அனுபவமும் மனதைத் தொட்டது. ஆனால் காவுன் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும், இதைப் படித்துவிட்டு ஆளாளுக்குக் கடையில் சோடா உப்பு வாங்கிக் கொட்டப் போகிறீர்கள்.

நான் ககாமேகாவில் ஆறு வருடம் பாடம் நடத்தினேன். அங்கே இது ம்ரெண்டா, கிசுமு பக்கம் லுவோக்கள் அபோத் என்பார்கள். எங்கள் வளாகத்துக்குப் பின்னால் இருந்த பாட்டி அவரைக்காயின் காய்ந்த தோலை எரித்து, சாம்பலை அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் அமுக்கி, மேலே தண்ணீர் ஊற்றுவார். கீழே தேநீர் நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதுதான் முன்யு. மழை வந்த ஒரு சாயங்காலம் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருக்க, அவர் தன் மேல்துணியை எடுத்து அந்த டப்பாவை மூடிவிட்டு நனைந்துகொண்டு நின்றார். என் கதை அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காவுன், முன்யு, சோடா எல்லாம் காரம், மிளகாய்க் காரம் இல்லை, வேதியியலில் சொல்கிற காரம். காரம் சேர்ந்தால் இலை சீக்கிரம் குழையும், பச்சை மங்காது, கொழகொழப்பு கூடும். புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி எல்லாம் அமிலம், நேர் எதிர். இபாடான் நண்பர் கிண்ணத்தில் நடந்தது இதுதான், அவ்வளவு நேர உழைப்பை அமிலம் ஒரு நிமிடத்தில் அவிழ்த்துவிட்டது. ஆனால் அதே காரம் சி வைட்டமினையும் தையமினையும் அழிக்கும். சோடா உப்பில் சோடியம் வேறு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். நகத்தால் கிள்ளுகிற அளவு போதும், அது இல்லாமலே இளம் இலை நன்றாக வேகும். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் வெந்த பிறகு சேர்க்காதீர்கள், கொதிக்கும் தண்ணீரில் முதலில் சேருங்கள், பொங்கும், பெரிய சட்டியாக எடுங்கள். முற்றிய தண்டை விடுங்கள். தோட்டத்தில் வளர்ப்பவர்கள் காய் பிடித்த செடியில் பறிக்கும்போது கவனம், இதன் விதை நச்சு, இதயத்தைப் பாதிக்கிற பொருள் அதில் இருக்கிறது. மாடு தின்று செத்ததெல்லாம் பதிவாகியிருக்கிறது. இலையில் பயமில்லை, காயையும் விதையையும் ஒன்று விடாமல் பொறுக்கி எறியுங்கள். தனியாகச் சமைத்தால் பிடிக்காதவர்கள் ககாமேகாவில் செய்கிற மாதிரி தட்டைப்பயறு இலையோடு கலந்து சமையுங்கள், நூல் குறையும், ருசி கூடும். சட்டியை மூடாதீர்கள் என்று கெய்ரோ சகோதரி சொன்னது சரி, ஆனால் ஷஹ்கா இல்லாவிட்டால் ருசிக்காது என்பதை நான் ஏற்கவில்லை. ருசி பூண்டில் இருக்கிறது.

நைல்கரை:

சார், பூண்டில் ருசி இருப்பது எனக்கும் தெரியும். அன்று அந்தச் சமையலறையில் இருந்த எவரும் வேதியியல் தெரியாமல் காத்திருக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன் எகிப்தை ஆண்ட அல் ஹாக்கிம் என்ற பாத்திமிய கலீபா முலுகியாவையே சாப்பிடக் கூடாது என்று தடை போட்டார். தடை போட்டவர் 1021இல் போய்விட்டார், கீரை இருக்கிறது. தேத்தாவும் 2020இல் போய்விட்டார். இப்போது அந்த மகள் ஷஹ்கா செய்கிறாள். நீங்கள் ஏற்காவிட்டால் பரவாயில்லை.

துனிஸ்_மருமகள்:

வழவழப்பு இல்லாவிட்டால் அந்தக் கீரையே இல்லை என்கிற தொனி மேலே வந்துவிட்டது, அதற்காகத்தான் எழுதுகிறேன். துனீசியாவில் இதே இலையைக் காயவைத்து, மை போலப் பொடித்து, ஆலிவ் எண்ணெயில் குழைத்து, மாட்டிறைச்சியும் பிரிஞ்சி இலையும் போட்டு மணிக்கணக்கில், ஆறு மணி நேரம்கூட, சின்னத் தீயில் வைப்போம். பச்சையே இருக்காது, கறுத்துவிடும். நூல் இழுக்காது, நம் ஊர்க் கருவேப்பிலைக் குழம்பு மாதிரி கெட்டியாக நிற்கும். எண்ணெய் பிரிந்து மேலே வந்தால்தான் இறக்கலாம்.

ஹிஜ்ரி புத்தாண்டு அன்று இதைத்தான் வைப்பார்கள், வருடம் பசுமையாக இருக்கட்டும் என்று. கல்யாணமாகி வந்த முதல் புத்தாண்டில் மாமியார் அடுப்பை என்னிடம் விட்டுவிட்டுத் தூங்கப் போனார். நான் மூன்றாவது மணி நேரத்தில் பொறுமை இழந்து தீயைக் கூட்டிவிட்டேன். அடிப்பிடித்த வாசனையில் எழுந்து வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் மேலோட்டமாக மொண்டு வேறு சட்டிக்கு மாற்றினார், அடியைச் சுரண்டவில்லை, வெந்நீர் ஊற்றி மறுபடி சின்னத் தீயில் வைத்துவிட்டு என் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தார். இரவு பத்து மணி வரை. எனக்கு அப்போது பிரெஞ்சும் வராது, அரபியும் வராது. அவரும் பேசவில்லை. எண்ணெய் மேலே வந்ததும் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, தொட்டு, முதலில் என் வாயில் வைத்தார்.

டொடோமா_போர்வெல்:

தான்சானியாவில் டொடோமா பக்கம் கோகோ மக்களின் ஊர்களில் ஆழ்துளைக் கிணறு வேலையாக அலைந்தவன் நான். அங்கே இது ம்லெண்டா, ககாமேகா சார் சொன்ன ம்ரெண்டாவும் பெயரில் அக்கம் பக்கம்தான். மழைக்கு முளைக்கிற காட்டுக் கீரையைக் காயவைத்து இடித்துப் பொடியாக வைத்திருப்பார்கள். பச்சைக் கீரை ஒன்றும் கிடைக்காத வறட்சி மாதங்களில் அந்தப் பொடிதான் தொட்டுக்கொள்ள. சில வீட்டில் நிலக்கடலைப் பொடியும் சேரும்.

சார் சத்து பற்றி எழுதினார், நான் பார்த்ததைச் சொல்கிறேன். கம்பு மாவு உகாலிக் களி தொண்டையில் மணல் மாதிரி அடைக்கும். இந்தக் குழம்பில் ஒரு விரல் முக்கினால் போதும், உருண்டை தானாக வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஒரு சின்னக் கிண்ணம் ஆறு பேருக்கு வந்ததை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். வழவழப்பைப் போக்கிவிட்டால் அந்த ஆறு பேருக்கு வேறு என்ன இருக்கிறது?

ஒரு இரவு, மண்ணெண்ணெய் விளக்கு, ஒரே தட்டைச் சுற்றிப் பிள்ளைகள். என் உருண்டையிலிருந்து நூல் தட்டு முதல் சட்டை வரை தொங்கியது. எப்படி அறுப்பது என்று தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. எதிரே இருந்த பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, சாவி திருப்புகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார். நூல் அறுந்து உருண்டையைச் சுற்றிக்கொண்டது. அப்படியே பிடித்தபடி வாய் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அவர் விரல் அவ்வளவு காய்ச்சுப் போயிருந்தது. என் சொந்தப் பாட்டி போன பிறகு அப்படி என் கையை யாரும் பிடித்ததில்லை.

அந்த ஊரில் நாங்கள் போட்ட இரண்டு துளையிலும் தண்ணீர் வரவில்லை. அதை எழுதாமல் விட முடியவில்லை.

இபாடான்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் சார், அமிலம் பற்றி நீங்கள் சொன்ன பிறகுதான் அந்த அம்மா கரண்டியைத் தூக்கிப் பார்த்ததன் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது.

நாங்கள் இப்போது லாகோஸில் இருக்கிறோம். இந்த டிசம்பரில் இபாடான் போகிறோம், மகளையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மா இன்னும் அதே வீட்டில்தான். நானே எவேடு அடித்து எடுத்துப் போக வேண்டும் என்று இருக்கிறேன். மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன், நூல் வரவில்லை, இலை துணுக்குத் துணுக்காகத் தனியே நிற்கிறது. மிக்ஸியில் அடித்தால் நுரைதான் வருகிறது. யாராவது சொல்லுங்கள்.

சுருலேரே_அக்கா:

தம்பி, உங்கள் இலை முற்றல். கட்டை வளைத்துப் பாருங்கள், தண்டு படக்கென்று ஒடிந்தால் இளசு, நார் இழுத்தால் வைத்துவிட்டு வாருங்கள். காம்பு ஒன்றுகூடச் சேரக் கூடாது, இலையை மட்டும் கிள்ளுங்கள், அலசியதும் தண்ணீர் வடியட்டும். சட்டியில் ஒரு கோப்பை தண்ணீர், கூடினால் நூல் வராது. காவுன் குண்டுமணி அளவு. தண்ணீர் கொதித்ததும் இலை, மூடாமல் ஐந்து நிமிடம், விரலில் நசுங்கினால் போதும். அப்புறம் அடுப்பில் இருக்கும்போதே இஜாபேயால் அடியுங்கள், சுற்றாதீர்கள், மேலும் கீழுமாகக் குத்த வேண்டும், கை வலிக்கும், நிறுத்தாதீர்கள். ஈருவை நசுக்கி அதற்குப் பிறகுதான் போட வேண்டும். தக்காளிக் குழம்பை அதே பாத்திரத்தில் ஊற்றாதீர்கள், தனியாக எடுத்துப் போங்கள், அமலாக் களி மேல் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக்கொள்வார்கள். கெபெகிரி என்கிற பயறுக் குழம்பும் இருந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

லாகோஸிலிருந்து சமைத்து எடுத்துப் போக வேண்டாம், வழியில் கெட்டுவிடும். போடிஜா சந்தை பெரியது, காலையிலேயே போய் இளங்கட்டாகப் பொறுக்கி, அந்த அம்மா வீட்டிலேயே அடியுங்கள். இஜாபேயை அவரிடமே கேட்டு வாங்குங்கள்.