நிக்கோன் டி750 வைத்திருப்பவர் எந்தப் பிலிம் கமராவை வாங்குவது?

கேள்வி – கோப்பாய்

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளாக டிஜிற்றல் கமராவில் படம் எடுத்து வருகிறேன். தொழிலாக அல்ல, விருப்பத்துக்காகவே. இப்போது கையில் இருப்பது நிக்கோன் டி750. அதனுடன் 50 மிமீ எஃப்/1.8ஜி, 24–120 மிமீ எஃப்/4ஜி ஆகிய இரண்டு லென்ஸ்கள் உள்ளன. கடந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். அவற்றில் இன்று திரும்பப் பார்க்கத் தோன்றுபவை பத்துக்கூட இல்லை. அதே வேளை, அம்மம்மாவின் அலுமாரியில் ஒரு கடித உறைக்குள் கிடந்த 1970களின் நெகற்றிவ்களை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து பிலிமில் எடுத்துப் பழக வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை.

கமராவுக்கு 60,000 ரூபா வரை ஒதுக்கியுள்ளேன். கொழும்பில் ஒருவர் கனன் ஏஈ-1 ஒன்றை விற்க வைத்திருக்கிறார். மாமா ஒருவரிடம் பென்ராக்ஸ் கே1000 இருக்கிறது. நிக்கோன் எஃப்எம்2 ஒன்றையும் பார்த்தேன். அது என் வசதிக்குச் சற்று மேலே. இவற்றில் எதை எடுப்பது? என் லென்ஸ்களை இவற்றில் போடலாமா? நமது வெயிலும் மாரிகாலத்து ஈரமும் பழைய கமராவைப் பழுதாக்கிவிடுமா?

பதில் – கொக்குவில்

தங்கச்சி, அந்த மூன்று கமராக்களையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் உங்கள் லென்ஸ்களைப் பாருங்கள். இரண்டின் பெயரிலும் 'ஜி' என்ற எழுத்து இருக்கிறது. அப்படியென்றால் லென்ஸில் அப்பேச்சரை, அதாவது ஒளி புகும் துளையின் அளவை, மாற்றும் வளையம் கிடையாது. கமராதான் அப்பேச்சரை இயக்க வேண்டும். நிக்கோனின் எஃப் மவுண்ட், அதாவது கமராவில் லென்ஸ் பொருந்தும் அமைப்பு, 1959ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் அடிப்படை வடிவம் பின்னர் மாறவில்லை. ஆகவே உங்கள் லென்ஸ்கள் எஃப்எம்2இல் பொருந்தத்தான் செய்யும். ஆனால் அப்பேச்சர் எப்போதும் மிகச் சிறிய அளவிலேயே நிற்கும். 50 மிமீ லென்ஸ் எஃப்/16இலேயே இருக்கும் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). கனனிலும் பென்ராக்ஸிலும் அவை பொருந்தவே மாட்டா.

அதனால் என் பரிந்துரை நிக்கோன் எஃப்80. 2000ஆம் ஆண்டு வெளிவந்த அந்தக் கமராவில் உங்கள் இரண்டு லென்ஸ்களும் தானியங்கிக் குவியத்துடன் வேலை செய்யும். 24–120இன் அதிர்வு குறைக்கும் வசதிகூடச் செயற்படும். விரலால் சில்லைச் சுழற்றி அப்பேச்சரை மாற்றும் முறையும் உங்களுக்குப் பழகியதுதான். நான் நான்கு ஆண்டுகளாக அதையே பயன்படுத்துகிறேன். அழகான பழைய உலோகக் கமரா அல்ல என்பதால் அதைத் தேடுபவர்கள் குறைவு, விலையும் குறைவு. மீதிப் பணத்தைப் பிலிமுக்குச் செலவிடலாம். பின்கதவின் றப்பர்ப் பூச்சு காலப்போக்கில் ஒட்டும் தன்மை அடையும். ஸ்பிரிற் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பற்றரிதான் உண்மையான தொல்லை: சிஆர்123 வகையில் இரண்டு வேண்டும், அது இங்கே எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. மேலதிகமாக ஒரு சோடி வாங்கி வையுங்கள்.

பதில் – பருத்தித்துறை

பிள்ளை, 1980களிலும் 90களிலும் ஸ்ரூடியோவில் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதற் பதில் எழுதிய தம்பி லென்ஸ் பற்றிச் சொன்னவை முழுவதும் சரி. ஆயினும் பற்றரி இல்லாமல் அசையாத கமராவை முதற் கமராவாக வாங்கும்படி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. கொண்டுவரத் தடை விதிக்கப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. பற்றரியால் இயங்கும் கமரா வைத்திருந்தவர்கள் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். கலியாண வீடுகளுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் நாங்கள் எடுத்துப் போனவை முற்றிலும் பொறிமுறையால் இயங்கும் கமராக்கள். ஒளிமானி வேலை செய்யாதபோதும் வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எடுத்தோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது நான் தூக்கிக்கொண்டு நடந்தவற்றுள் பிஸ்கற் தகரம் ஒன்றில் அடைத்த நெகற்றிவ்களும் இருந்தன. அவற்றிலிருந்து இன்றும் படம் போட முடிகிறது.

ஏஈ-1 நல்ல கமரா என்று பெயர் எடுத்தது. ஆனால் அதன் 6 வோல்ற் பற்றரி இறந்துவிட்டால், பிலிமில் ஒளி விழத் திறந்து மூடும் ஷட்டர் அசையாது. அழுத்தும்போது கீச்சென்று சத்தம் கேட்டால் உள்ளே எண்ணெய் வற்றிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம். கே1000 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்டது. அதில் பற்றரி ஒளிமானிக்கு மட்டுமே. ஒளிமானிக்குத் தனி நிறுத்தி இல்லாததால், லென்ஸ் மூடியைப் போட்டு வைக்காவிட்டால் பற்றரி வீணாகும்.

இனி, நமது வெயில். டிஜிற்றலில் படத்துக்குப் படம் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் எண்ணை) மாற்றிப் பழகியவர்கள் இதை முதலில் எண்ணிப் பார்ப்பதில்லை. பிலிமைப் போட்டுவிட்டால் 36 படத்துக்கும் ஒரே ஐஎஸ்ஓதான். உச்சி வெயிலில் எஃப்/16 வைத்தால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 400 பிலிமுக்கு அது 1/400 நொடி. எஃப்/8க்குத் திறந்தால் 1/1600 வேண்டும். ஏஈ-1, கே1000 இரண்டிலும் உச்ச வேகம் 1/1000 மட்டுமே. ஆகவே பண்ணைப் பாலத்தில் நண்பகலில் நின்று பின்னணியை மங்கலாக்கி ஒரு முகத்தை எடுக்க அவற்றால் முடியாது. 1982இல் வந்த எஃப்எம்2இன் உச்ச வேகம் 1/4000, அதிலே எஃப்/5.6 வரை திறக்கலாம். ஒளிமானிக்கு வேண்டியவை கல்குலேற்றரில் போடும் பொத்தான் பற்றரிகள் இரண்டே. எனவே சிறிது காலம் பொறுத்துப் பணம் சேர்த்தாவது எஃப்எம்2 வாங்குங்கள். அதற்கு 50 மிமீ எஃப்/1.8டி லென்ஸைத் தேடுங்கள். அதில் அப்பேச்சர் வளையம் உண்டு. எஃப்எம்2, எஃப்80, உங்கள் டி750 மூன்றிலும் அது வேலை செய்யும்.

பதில் – சுன்னாகம்

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் கமராவைத் தெரிவு செய்யுமுன், எடுத்த பிலிமை யார் கழுவுவது என்று முடிவு செய்ய வேண்டும் என்பது என் அனுபவம். நிறப் பிலிமுக்கான சி-41 முறையில் டெவலப்பரை (படத்தை வெளிக்கொணரும் இரசாயனக் கரைசலை) 37.8 பாகை செல்சியஸில் பிசகாமல் வைத்திருக்க வேண்டும். தொடக்கத்திலேயே வீட்டில் செய்ய ஏற்றதல்ல. கறுப்பு வெள்ளையை அடுப்படியிலேயே கழுவலாம். நான் இல்போர்ட் எச்பி5 பிலிமை ஐடி-11 டெவலப்பரில் கழுவுகிறேன். கலக்காத கரைசலில் 20 பாகைக்கு ஏழரை நிமிடம் என்று போட்டிருக்கும். நமது கிணற்றுத் தண்ணீரோ 28 பாகையை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டில் நேரம் மிகவும் குறைந்து, படம் சீரற்றுப் போகும். ஆகவே டெவலப்பருடன் சம அளவு தண்ணீர் சேர்த்து, ஐஸ் போட்ட வாளிக்குள் போத்தலை வைத்து 24 பாகைக்குக் கொண்டுவருகிறேன். அந்தக் கலவைக்கு 20 பாகையில் 13 நிமிடம் என்பதால், ஒரு பாகை கூடும்போது பத்தில் ஒரு பங்கு குறைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 9 நிமிடம் வரும். இது கட்டுப்படுத்தக்கூடிய நேரம்.

இன்னொன்றை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு சுருள்களைப் பழுதாக்கிய பின்னரே கண்டுகொண்டேன். நமது நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். கிணற்றுத் தண்ணீரால் கடைசியாக அலசி உலர்த்தினால், நெகற்றிவில் வெள்ளைப் பொட்டுகள் படியும். கடைசி அலசலுக்கு மட்டும், வாகன பற்றரிக்கு ஊற்றும் வடிநீரைப் பயன்படுத்துங்கள். கழுவிய நெகற்றிவைப் படமாக்க ஸ்கானர் வாங்க வேண்டியதில்லை. மிக அருகில் வைத்து எடுக்க உதவும் மக்ரோ லென்ஸ் ஒன்றை இரவல் பெற்று, உங்கள் டி750ஆலேயே படம் பிடிக்கலாம்.

டிஜிற்றலில் வெளிச்சமான பகுதி வெளுத்துவிடக் கூடாது என்று ஒளியைக் குறைத்து எடுப்போம். நெகற்றிவ் பிலிமில் அதற்கு நேர்மாறு: நிழலுக்கு ஒளி போதாவிட்டால் அங்கே எதுவும் பதியாது, பிறகு மீட்கவும் முடியாது, சற்றுக் கூடினால் பிலிம் தாங்கும். கோயில் வாசலில் வெள்ளை வேட்டியும் பனைமர நிழலும் ஒன்றாக வரும் காட்சியில் நிழலை அளந்து எடுங்கள்.

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் பிலிம் கொண்டுவருவதானால், அனுப்பும் பொதியில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கைப்பையில் வைத்திருந்து, கையால் சோதிக்கும்படி கேட்க வேண்டும். விமான நிலையங்களில் இப்போது வரும் சி.ரி. (CT) வகை ஸ்கான் இயந்திரங்கள் பிலிமைப் புகையடித்ததுபோல் ஆக்கிவிடும்.

கேள்வி கேட்டவர் – கோப்பாய்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாமா வீட்டுக்குப் போய் அந்தக் கே1000ஐ எடுத்துப் பார்த்தேன். லென்ஸுக்குள் கைபேசி வெளிச்சத்தைப் பாய்ச்சியபோது, ஓரத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் தெரிந்தது. பின்கதவைச் சுற்றியுள்ள கறுப்புப் பஞ்சு தொட்டவுடன் கையில் ஒட்டியது. எஃப்எம்2க்குப் பணம் சேரும் வரை அதைத் திருத்தி, கறுப்பு வெள்ளையில் பழகலாம் என்று நினைக்கிறேன். 100 ஐஎஸ்ஓ பிலிம் போட்டால் வெயில் பிரச்சினை ஓரளவு தீருமா?

பதில் – பருத்தித்துறை

தீரும் பிள்ளை. 100 பிலிமில் எஃப்/5.6க்கு 1/800 போதும். உங்கள் கமராவின் வேகத்துக்குள் அது அடங்கும். கதவுப் பஞ்சு போனால் ஒளி கசியும், ஆனால் புதிதாக ஒட்டுவது அரை நாள் வேலை. பூஞ்சணம் ஓரத்தோடு நின்றால் படத்தில் பெரும்பாலும் தெரியாது. ஆனாலும் அந்த லென்ஸை உங்கள் மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்க வேண்டாம். ஐப்பசி மழை தொடங்குமுன் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள்.

பிலிம் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வானத்தை நோக்கிப் பிடித்து 1/1000இல் அழுத்துங்கள். சட்டகம் முழுவதும் ஒரே வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருண்டால் ஷட்டர்த் துணி ஒழுங்காக ஓடவில்லை. பிறகு 1 நொடியில் வைத்து, கைபேசியில் ஒலிப்பதிவு செய்து நேரத்தை அளந்து பாருங்கள். இரண்டில் ஏதாவது பிசகினால், திருத்தக் கொடுப்பதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.