பழைய செட்டு சந்திப்புப் பயணம்: உங்களால் மறக்க முடியாத ஒரு நிமிடம் எது?

ஓசூர் வேன்:
1989 பத்தாம் வகுப்பு செட்டு. ஓசூர்ல ஏறினது ஒன்பது பேர், தர்மபுரியில ஒருத்தர், சேலத்துல மூணு பேர், நாமக்கல் பக்கம் கடைசியா ஒருத்தர். அப்புறம் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியா கொல்லிமலை. இன்னும் மனசை அரிக்கிறது அந்தக் கடைசி ஆள்தான். வேன் மேம்பாலம் ஏறுது. கீழே சர்வீஸ் ரோட்டுல அவர் மஞ்சப்பையோட நின்னு கையை ஆட்டுறார். "அது அவன்தானாடா?"ன்னு உள்ளே ஒருத்தர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பாலம் தாண்டியாச்சு. 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுது. பாலத்து மேல நிறுத்தவும் கூடாது, பின்னாடி எடுக்கவும் கூடாது. அடுத்த பிரிவுல இறங்கித் திரும்பி வரணும்.

லொக்கேஷன் சரியாத்தான் வந்திருந்தது. தப்பு எங்கன்னா, பாலத்துக்கு மேலயும் கீழயும் வரைபடத்துல ஒரே புள்ளிதான். உயரம் அதுல தெரியாது. அதனால நாலுவழிச் சாலையில ஆள் ஏத்தணும்னா புள்ளி மட்டும் வாங்காதீங்க. எந்த ஊர்லேர்ந்து எந்த ஊர் போற பக்கம், பாலத்துக்கு முன்னாடியா பின்னாடியா, மெயின் ரோடா சர்வீஸ் ரோடா, பக்கத்துல என்ன கடை போர்டுன்னு நாலையும் கேளுங்க. கிலோமீட்டர் கல் கண்ணுல பட்டா அந்த எண்ணையும் சொல்லச் சொல்லுங்க. நடுவுல 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல்லும் இருக்கும்.

கரூர் மணி:
ஓசூர் வேன் சொல்றது பாதிதான் சரி. சர்வீஸ் ரோட்டுல ஆளை நிக்க வைக்கிறதே தப்பு. எதிர்த்திசையில பைக் வரும், ராத்திரின்னா வெளிச்சம் இருக்காது. போற திசைக்கு இடதுபக்கம் இருக்கிற பெட்ரோல் பங்க்தான் சரியான இடம். உள்ளே நுழைய வழி தனி, வெளியேற வழி தனி, கழிப்பறை, விளக்கு, கேமரா எல்லாம் உண்டு. பங்க் பேரை மட்டும் சொன்னா போதாது, ஒரே கம்பெனி பங்க் பத்து கிலோமீட்டருக்குள்ள மூணு இருக்கும். இல்லேன்னா ஊருக்குள்ள பஸ் ஸ்டாண்டுக்கே வேன் போயிடட்டும். கால்மணி நேரம் கூட ஆகும், ஆனா ஆள் தவறாது. வழியில வேன் நின்னுபோனா 1033க்குப் போன் பண்ணுங்க, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அதுதான்.

மலையடி மெக்கானிக்:
ஏறுறதைப் பத்தியே பேசுறீங்க, இறங்குறதைப் பேசுங்க. காரவள்ளிப் பாதையில 70 கொண்டை ஊசி வளைவு. இதே மாதிரி ஒரு செட்டு, பழைய வேன். பாதி வளைவு இறங்கினதும் கருகின வாடை, முன் சக்கரத்துல புகை. நல்ல எண்ணத்துல ஒருத்தர் ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலைத் திறந்து சக்கரத்துல ஊத்தினார். சுர்ருன்னு கிளம்பின ஆவி இன்னும் கண்ணுலயே நிக்குது. கொதிக்கிற பிரேக் டிஸ்க்குல தண்ணி பட்டா அது கோணும், விரிசலும் விடலாம். அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் பெடல் உதறும்.

14 பேர், ஆளுக்கு 75 கிலோன்னா ஆயிரத்து ஐம்பது கிலோ. பெட்டி, சாப்பாட்டு அண்டா தனி. இந்த எடையை பிரேக்கை வச்சே பிடிச்சு இறக்கினா பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். ஏறும்போது எந்த கியர்ல ஏறிச்சோ அதே கியர்ல இறங்கணும், பெரும்பாலும் ரெண்டு. இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் மேல காலை வச்சுத் தேய்ச்சுக்கிட்டே வராம, வளைவுக்கு முன்னாடி அழுத்தி மிதிச்சு வேகத்தைக் குறைச்சிட்டு விட்டுடணும். நியூட்ரல் வேண்டவே வேண்டாம். தொப்பூர் கணவாயில டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு எத்தனை லாரி கவிழ்ந்திருக்குன்னு அந்த ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும். இறக்கத்துல இன்ஜினை அணைக்கவும் கூடாது. அணைச்சா ரெண்டு மூணு மிதியிலேயே, பெடலை லேசாக்குற பூஸ்டர் காலியாகி பெடல் கல்லு மாதிரி ஆயிடும்.

பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போச்சுன்னா பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு. புது டாட் 3 ரக ஆயில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்காமத் தாங்கணும், டாட் 4 ஆயில் 230. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துட்டா அதே ஆயில் 140, 155 டிகிரியிலேயே கொதிச்சுடும். அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். வேன் பேசும்போது ஏசி இருக்கான்னு கேக்குறோம், ஆயில் எப்ப மாத்தினதுன்னும் கேக்கணும். வாடை வந்தா அகலமான இடத்துல ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, அரைமணி நேரம் தானா ஆற விடுங்க. சூட்டோட ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கட்டாதீங்க, ஒட்டிக்கும்.

இன்னொண்ணு. 30 வருஷம் கழிச்சுப் பார்க்கிற சந்தோஷத்துல டிரைவர் தோள்ல தட்டி "இந்த வளைவுல ஒரு போட்டோ"ன்னு கேக்காதீங்க. ஏறி வர்ற வண்டிக்குத்தான் முன்னுரிமை, வளைவுல நின்னா அவன் நடுவழியில மாட்டுவான்.

ராசிபுரம் ரவி:
சேலத்துலேர்ந்து வர்றவங்க எதுக்கு நாமக்கல் சுத்திக் காரவள்ளி போகணும்? ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியா ஏறலாம். வளைவு கம்மி, பெரிய வண்டிகளே அந்த வழியாத்தான் போகுது.

மலையடி மெக்கானிக்:
வழி நல்ல வழிதான், மறுக்கல. ஆனா நாமக்கல்ல ஒருத்தர் காத்துட்டு இருக்கார்ல, அவரை யார் ஏத்துறது?

பேட்ச் கணக்கு:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஒரு செட்டு ராத்திரி சாப்பாட்டுல உட்கார்ந்திருக்கு. கணக்கு வச்சிருந்தவர் பணம் தராத மூணு பேர் பேரை சத்தமா வாசிச்சார். அதுல ஒருத்தர் "போன் வருது"ன்னு எழுந்து போனார், இலையில பாதி சோறு அப்படியே. காலையில முதல் பஸ்ஸுக்கே இறங்கிட்டார்.

பேர்ப் பட்டியலை வாசிக்காதீங்க, குரூப்லயும் போடாதீங்க. பணம் வாங்குறது ஒரே ஆள், தனித்தனியா. வசதி உள்ள நாலு பேர்கிட்ட முன்கூட்டியே கூடுதலா வாங்கி வச்சுட்டா யார் தரலைன்னு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. வேன் வாடகை பேசும்போது கேக்க வேண்டியவை: கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர், கணக்கு ஷெட்லேர்ந்து (வேன் நிறுத்துற இடம்) ஷெட் வரைக்குமா, டிரைவர் பேட்டா ராத்திரிக்குத் தனியா, டோல், மலைக்குக் கூடுதல், வேற மாநிலம்னா வரி யாருது. ஷெட் கணக்கைக் கேக்காம விட்டுட்டுத்தான் கடைசியில சண்டை வரும். ஏறுற எடத்துலயும் இறங்குற எடத்துலயும் கிலோமீட்டர் மீட்டரைப் போட்டோ எடுத்துக்கங்க. வெள்ளை போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோக வண்டியை, வாடகைக்கு எடுக்காதீங்க. விபத்துன்னா இன்சூரன்ஸ் நிக்காமப் போகலாம், மஞ்சள் போர்டுதான் சரி. டிரைவருக்கு சாப்பாடும் படுக்க இடமும் முதல்லயே ஒதுக்குங்க. தூங்காத டிரைவரை வச்சு மறுநாள் 70 வளைவு இறங்கக் கூடாது.

ரோல் நம்பர் 23:
கொல்லிமலை மேல ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துலேர்ந்து ஆயிரத்துக்கும் மேல படி. இறங்குறது சுலபம், ஏறுறதுலதான் மூச்சு போகும். "வாடா, ஸ்கூல்ல நீதானே ஓட்டப் பந்தயத்துல முதல்"னு ஒருத்தரை இழுத்துட்டுப் போனாங்க. பாதி ஏறி வந்து படியிலேயே உட்கார்ந்தார், முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. வயசு ஐம்பதைத் தாண்டின செட்டுல மேலேயே இருக்கிறேன்னு சொல்றவரை வற்புறுத்தாதீங்க. கூட ஒருத்தர் மேலேயே இருங்க.

அப்புறம், முதல் பதிவுல "அது அவன்தானாடா?"ன்னு கேட்டாங்களே, அதுக்கு ஒரு வழி. ஒரு வகுப்புல மூணு செந்தில் இருந்திருப்பாங்க. வாத்தியார் இனிஷியலோடதான் கூப்பிட்டார், பசங்க ஊர்ப் பேரோட கூப்பிட்டாங்க. போன்ல மட்டும் எல்லாரும் "செந்தில் ஸ்கூல்". சட்டையில குத்துற அட்டையில இனிஷியல், ஊர், செக்‌ஷன் மூணும் பெரிசா எழுதுங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் ஆளுக்கொரு இன்னைக்கு எடுத்த போட்டோ வாங்கி, பழைய குரூப் போட்டோவோட சேர்த்து வேன்ல இருக்கிற எல்லாருக்கும் அனுப்பிடுங்க.

கரூர் மணி:
அந்த நாமக்கல் ஆள் கடைசியில ஏறினாரா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

ஓசூர் வேன்:
ஏறினார். திரும்பி வர்றதுக்கு இருபது நிமிஷத்துக்கு மேல ஆச்சு. அவர் கையில இருந்தது பட்டன் போன், குரூப்ல அவர் கிடையாது. புள்ளியை அனுப்பினது பக்கத்து டீக்கடைப் பையனோட போன்லேர்ந்து. சேலத்துல ஒருமணி நேரம் தாமதம்னு குரூப்ல போட்டாங்க, அவருக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்லல. டவுன் பஸ் நேரத்துக்கு வந்து ரெண்டு மணி நேரமா வெயில்ல நின்னிருக்கார். இப்ப வேன் கிளம்பும்போதே குரூப்ல இல்லாதவங்க நம்பரை ஒரு தாள்ல எழுதி, முன் சீட்டுல உட்கார்றவர் கையில கொடுத்துடறது வழக்கம். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அவர் கூப்பிட்டுப் பேசணும். அந்த மஞ்சப்பையில பதினாலு பொட்டலம் வேர்க்கடலை இருந்தது, வேகவச்சது, ஆறிப்போயிருந்தது.