குட்டியின் வாந்தியில் புழு, வீட்டில் இரண்டரை வயதுக் குழந்தை: என்ன செய்வது?

மகிழ்அம்மா கேட்கிறார்:

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஏழு வார வயது, பெண். வந்த நாளிலிருந்தே வயிறு பானை போல் உப்பியிருந்தது. நன்றாகத் தின்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டோம். நேற்று விடியற்காலையில் வாந்தி எடுத்தது. துடைக்கக் குனிந்தபோது அதற்குள் ஏதோ அசைந்தது. அரைச் சாண் நீளம், தந்த நிறம். அறுந்துபோன ரப்பர் வளையம் போலச் சுருண்டு, விரிந்து, மறுபடியும் சுருண்டது. மொத்தம் மூன்று.

கால்நடை மருத்துவர் எடை பார்த்துக் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டார். "இது குழந்தைக்கும் வரலாம், கவனம்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வரியோடுதான் இரவு முழுவதும் விழித்திருந்தேன். என் மகள் குட்டியின் வாயில் விரலை விடுவாள், அதே விரலைத் தன் வாயில் வைப்பாள். பின்பக்கத்தில் அவள் விளையாடும் மணல் தொட்டி இருக்கிறது. குட்டி அதில் இரண்டு முறை மலம் கழித்தது. முதல் முறை உடனே அள்ளிவிட்டேன். நான்கு நாளுக்கு முன்பு, கையில் குழந்தை இருந்ததால், மணலைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போது வயிறு கலங்குகிறது.

பெரியவர்கள் குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். கொடுத்தால் ஆபத்து நீங்குமா? மகளுக்கு இப்போது என்ன செய்ய வேண்டும்?

---

வேலவன்:

சகோதரி, குழந்தையைவிட நாய் பெரிதல்ல. வளர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். குழந்தைக்கு உடனே மலப் பரிசோதனை செய்யுங்கள். அதில் புழு இல்லை என்று வந்தால் கவலையில்லாமல் தூங்கலாம்.

---

நுண்ணோக்கி:

வேலவன் அக்கறையோடு சொல்கிறார், ஆனால் அந்த மலப் பரிசோதனை யோசனையை ஏற்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் மணல் தொட்டி. இந்தப் பதிலை முழுவதும் படிப்பதற்கு முன்பே எழுந்து போய் அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடிவிட்டு வாருங்கள் அம்மா.

நான் கால்நடை ஆய்வகத்தில் 19 ஆண்டுகளாக நாய், பூனை மலம் பார்க்கிறவள். நீங்கள் விவரித்தது உருளைப்புழு, டாக்ஸோகாரா கேனிஸ். உங்கள் குட்டி இதை உங்கள் வீட்டில் பிடித்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே வாங்கி வந்திருக்கும். தாய் நாயின் தசைகளில் இளம்புழுக்கள் உறங்கிக் கிடக்கும். அவள் சினையாகி நாள் நெருங்கும்போது அவை விழித்து, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளுக்குள் போய்விடும். மிச்சம் பால் வழியாகப் போகும். குட்டி பிறந்து மூன்று வாரத்திலேயே அதன் மலத்தில் முட்டை வரத் தொடங்கலாம். ஒரு பெண் புழு ஒரே நாளில் லட்சத்துக்கு மேல் முட்டையிடக்கூடியது.

இனிதான் உங்களுக்கு வேண்டிய செய்தி. புதிதாக வெளிவந்த முட்டை யாரையும் தொற்றாது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஒருமுறை இந்த முட்டைகளை ஈரமான தட்டில் மூடி வைத்து நாள்தோறும் பார்த்தேன். முதல் நாள், குண்டூசியால் குத்தியது போல் குழிகுழியான தடித்த ஓடு, உள்ளே கரிய உருண்டை ஒன்று, அவ்வளவுதான். பிறகு அந்த உருண்டை இரண்டானது, நான்கானது. பதினைந்தாம் நாள் பார்த்தபோது ஓட்டுக்குள் நூல் போன்ற ஒன்று மடங்கிக் கிடந்தது. விளக்கின் சூடு பட்டதும் மெல்லப் புரண்டது. அந்த நிலைக்கு வந்த முட்டைதான் ஆபத்து. அதற்கு மண்ணில் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், குளிர்ந்த இடத்தில் இன்னும் நீளும். முதிர்ந்த முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஆகவே உங்கள் மகள் குட்டியின் வாயில் விரல் விட்டது நல்ல பழக்கமல்ல, ஆனால் இந்தப் புழுவைப் பொறுத்தவரை அதற்காக நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. நீங்கள் மூடிவிட்டு வந்த மலத்துக்குத்தான் பயப்பட வேண்டும். அதற்கு இன்று நான்காம் நாள். இன்னும் நேரம் இருக்கிறது. மணலை அடிவரை அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தோட்டத்தில் கொட்டாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். கிருமிநாசினியை நம்பாதீர்கள், அந்த முட்டையோட்டை அது ஒன்றும் செய்யாது.

குட்டியைத் திருப்பிக் கொடுத்தால் குட்டி போகும், மணல் இருக்கும். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வேளை மருந்தோடு நிறுத்திவிடாதீர்கள். மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். ஈரலிலும் நுரையீரலிலும் பயணத்தில் இருக்கும் இளம்புழுக்கள் தப்பிவிடும். அவை தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மறுபடி குடலுக்கு வந்து வளரும். அதனால்தான் இரண்டு வார வயதில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை கொடுக்கச் சொல்வார்கள். அடுத்த தேதியை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னும் சில நாளுக்கு மலத்தில் புழு வந்தால் மிரள வேண்டாம், மருந்து வேலை செய்கிறது என்று பொருள். (பின்புறத்தில் வெள்ளரி விதை போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அது தெள்ளுப்பூச்சி வழியாக வருவது, அதற்கு மருந்து வேறு.)

இப்போது மலப் பரிசோதனை. மனித உடலில் இந்தப் புழு வளர்ந்து முட்டையிடுவதே இல்லை. இளம்புழுவாகவே ஈரல், நுரையீரல், கண் என்று அலைந்துகொண்டிருக்கும். குழந்தையின் மலத்தில் ஒன்றும் இராது, நோய் இருந்தாலும் இராது. "இல்லை" என்ற அந்தத் தாளை நம்பித் தூங்கிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன். குழந்தை மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மண் தின்னும் பழக்கம் உண்டா, விடாத காய்ச்சல், இருமல், மூச்சிழுப்பு, வயிற்று வலி உண்டா என்று கேட்பார். தேவைப்பட்டால் இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களையும், இந்தப் புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் பார்ப்பார். நீங்களாகப் புழு மாத்திரை கொடுக்காதீர்கள்.

---

ஆதிரன்அப்பா:

எங்கள் வீட்டில் நாயே கிடையாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஆறு வயதில் ஒரு கண் சற்று விலகத் தொடங்கியது. படிக்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பான். விளையாட்டு என்று அதட்டினேன். ஒருநாள் தானாகவே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, "இப்படிப் பார்த்தால் உங்கள் முகம் மட்டும் காணவில்லை அப்பா, காது இருக்கிறது" என்றான். விழித்திரையின் நடுவில் தழும்பு. காரணம் இதே புழு. நாய்கள் நடமாடும் பூங்காவின் மண்ணில்தான் அவன் விளையாடுவான், வேறு எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை. மற்றக் கண் நன்றாக இருக்கிறது. அந்தக் கண்ணின் நடுப்பார்வை திரும்பவில்லை.

இரத்தப் பரிசோதனையில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. கண் மருத்துவர் உள்ளே பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அம்மா, உங்கள் மகளுக்கு இப்போது ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அவ்வப்போது ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

---

நுண்ணோக்கி:

ஆதிரன்அப்பா, இதை எழுதியதற்கு நன்றி ஐயா. கண்ணில் வரும்போது இரத்தம் பலமுறை காட்டிக்கொடுக்காது என்பது உண்மை.

இந்த நோயைக் கண்டறிந்த கதையே குழந்தைகளின் கண்களில்தான் தொடங்குகிறது. 1950இல் ஹெலனோர் வைல்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர், நோயுற்று அகற்றப்பட்ட கண்களை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார். அவற்றில் பல, புற்றுநோயோ என்ற ஐயத்தில் எடுக்கப்பட்ட குழந்தைகளின் கண்கள். பார்த்தால் இளம்புழு. 1956இல் அவற்றில் சில நாயின் உருளைப்புழு என்று அடையாளம் காணப்பட்டன. ஒவ்வொரு முறை வில்லைக்கு அடியில் அந்த முட்டையைப் பார்க்கும்போதும் எனக்கு அந்தக் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

---

மகிழ்அம்மா:

பலகை போட்டு மூடிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். மதியம் மகள் தூங்கும்போது மணல் முழுவதையும் அள்ளினேன். நான் மூடியது வலது மூலையில் அப்படியே காய்ந்து கிடந்தது. ஏழு பை ஆயிற்று. கொதிநீர் ஊற்றித் தொட்டியை வெயிலில் கவிழ்த்திருக்கிறேன். குட்டிக்கு அடுத்த வேளை மருந்துக்குத் தேதி வாங்கிவிட்டேன். குழந்தை மருத்துவரிடம் நாளை காலை போகிறோம். கண்களையும் பார்க்கச் சொல்வேன். குட்டி எங்களோடுதான் இருக்கும், பெரியவர்களுக்கு உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன்.

ஒரு சந்தேகம் மட்டும். புது மணல் போடலாமா? எழுந்ததிலிருந்து மகள் வெறும் தொட்டியைக் காட்டி அழுகிறாள்.

---

நுண்ணோக்கி:

தாராளமாகப் போடுங்கள். ஆனால் விளையாடி முடித்ததும் மூட ஒரு கெட்டியான மூடி செய்த பிறகு போடுங்கள். பூனைக்கும் இதே போன்ற உருளைப்புழு உண்டு, திறந்த மணலைப் பூனை விடாது. குட்டி மலம் கழிக்கத் தனி மூலை ஒன்றைப் பழக்குங்கள், அன்றன்றே அள்ளுங்கள். விளையாடி வந்ததும் மகளுக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள், நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று நாளை எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.