ஒரே சீசனில் 121 தோல்வி: சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி ஆட்டத்தில் உங்களுக்கு மறக்காதது எது?

பிரிட்ஜ்போர்ட்காரன்:
2024 செப்டம்பர் 24. ஏற்கெனவே 120 தோல்வி, 1962-இல் நியூயார்க் மெட்ஸ் அணி தோற்ற கணக்கைத் தொட்டாச்சு. இன்னொன்று தோற்றால் நவீன காலத்தில் ஒரே சீசனில் அதிகம் தோற்ற சாதனை. அதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வந்திருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் மூன்று ரன் எடுத்து எதிரணியான ஏஞ்சல்ஸை முந்தினோம், ஜெயித்தோம். சொந்த மைதானத்திலேயே சிலர் 'ஊ' என்று கூச்சல் போட்டார்கள். எனக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர், தலையில் நாம் கோப்பை வென்ற 2005 உலகத் தொடர் தொப்பி, கறுப்பு வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. தனியாக எழுந்து நின்று கை தட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில் 121 வந்தது. அதைவிட அன்று எழுந்திருக்காததுதான் உறுத்துகிறது.

நேப்பர்வில் அம்மா:
கூச்சல் போட்டவர்களைக் குறை சொல்லாதீர்கள். முந்தின வருஷம் 101 தோல்விக்கும் வந்து உட்கார்ந்தவர்கள்தானே அவர்களும். கோபம் வராதா?
2024 டிசம்பரில் நம் பந்துவீச்சாளர் குரோஷேயை நான்கு வீரர்களுக்கு மாற்றாக பாஸ்டன் அணிக்கு அனுப்பினார்கள் இல்லையா, என் மகன் அவர் பெயர் போட்ட சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்றான். 2025 கோடையில் அதே சட்டையோடு கூட்டிப்போனேன். அந்த நால்வரில் ஒருவரான கைல் டீல் மட்டையோடு நடந்து வந்தபோது, "இவரையும் வித்துடுவாங்களாம்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

பே ஏரியா ரசிகன்:
2024 ஆகஸ்ட் 6, நம் அணி ஓக்லண்டில் ஆடியபோது அங்கே இருந்தேன். 21 தொடர் தோல்விக்கு அப்புறம் 5-1 வெற்றி. பக்கத்து சீட்டில் ஒருவர் முகத்தை மூடி அழுதார்.
அம்மா, பையனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: விற்கலாம். 2016-இல் கிறிஸ் சேல் என்ற பந்துவீச்சாளரை விற்றுத்தான் அணியைப் புதிதாகக் கட்டும் போன முயற்சியே ஆரம்பித்தது. 2020, 2021 இரண்டு பிளேஆஃபோடு (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்று) முடிந்துபோச்சு. ஹூஸ்டன் மூன்று வருஷம் நூறுக்கு மேல் தோற்று 2017-இல் கோப்பை வாங்கியதைக் காட்டி நம்பிக்கை ஊட்டாதீர்கள். அவர்களுக்கு டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பதில், முதல் இடம் வரிசையாகக் கிடைத்தது. இப்போது முன்னிடங்களைக் குலுக்கல் (லாட்டரி) முடிவு செய்கிறது. பெரிய நகர அணிக்கு அடுத்தடுத்த வருஷம் லாட்டரி இடம் கிடையாது என்ற விதியால், 121 தோற்றும் 2025-இல் பத்தாவது இடம்தான். ஆகவே சொந்த மைனர் லீக் அணிகளில், அதாவது இளம் வீரர்களைத் தயார்செய்யும் கீழ்நிலை அணிகளில், வளர்த்தால்தான் உண்டு. முடிந்தால் அந்த அணிகள் ஆடும் சார்லட்டுக்கோ பர்மிங்ஹாமுக்கோ பையனைக் கூட்டிப்போங்கள். சார்லட்டில் தடுமாறிய கோல்சன் மான்ட்கமரி 2025 ஜூலையில் மேலே வந்து 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன் அடித்தார். அடுத்த சட்டையில் எந்தப் பெயர் என்று அவனே பார்த்து முடிவு செய்யட்டும்.