மீட்பா, எடுப்பா?

அண்ணாச்சி அவர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

ரஷ்யக் கடற்படையின் கொம்முனா என்ற பழைய கப்பலைப் பற்றிய கட்டுரையைத் தமிழில் தரும்போது, 'சால்வேஜ் ஷிப்' என்பதற்கு 'மீட்புக் கப்பல்' என்றே எழுதிவிடலாம், செய்தித்தாள்களில் அது பழகிய சொல்தான் என்று அண்ணாச்சி எழுதியிருந்தீர்கள். பழகிய சொல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கப்பல் செய்துவந்த வேலையைப் பார்த்தால், 'மீட்பு' என்ற சொல் அதற்குப் பொருந்துமா என்ற ஐயம் வருகிறது.

1915-இல் 'வோல்கோவ்' என்ற பெயரில் பணிக்கு வந்து, 1922-இன் இறுதியில் 'கொம்முனா' ஆன அந்தக் கப்பலுக்கு இரண்டு உடல்கள். அவற்றை மேலே எஃகு வளைவுகள் பிணைத்திருக்கின்றன. அந்த வளைவுகளிலிருந்து கப்பிகளை இறக்கி, அடியில் கிடக்கும் நீர்மூழ்கியை இரு உடல்களுக்கும் நடுவே தூக்கி நிறுத்துவதுதான் அதன் அமைப்பு. 1919-இல் பால்டிக் கடலில் மூழ்கிய எல்-55 என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியை அது 1928-இல் மேலே கொண்டுவந்தபோது, உள்ளே இருந்தவை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களின் எச்சங்கள்; அவை பிரிட்டனுக்கு அனுப்பி வைக்கப்பட்டன. நாம் எந்த வாயால் அதை 'மீட்பு' என்போம்? 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் மஸ்க்வா போர்க்கப்பல் கருங்கடலில் மூழ்கிய பிறகு இந்தக் கிழட்டுக் கப்பல் அவ்விடத்துக்கு அனுப்பப்பட்டதாகச் செய்தி வந்தபோதும், அங்கே தேடுவதற்கு இருந்தது மூழ்கிய பொருள்தான்.

நம் ஊர்ப் பேச்சில் இந்த வேறுபாடு மிகத் துல்லியமாக இருக்கிறது. கிணற்றில் வாளி விழுந்தால், வளையத்தில் கொக்கிகள் தொங்கும் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவோம். (பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் அது ஒரே வீட்டில்தான் இருந்தது. ஒரு சொம்பையாவது ஈடாக வைக்காமல் அந்த ஆச்சி அதைத் தரமாட்டார்கள்.) வாளி வந்ததும் 'எடுத்தாச்சு' என்போமே தவிர, 'மீட்டாச்சு' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிள்ளை தவறி விழுந்தால் 'காப்பாற்றினோம்' என்போம். 'மீட்டோம்' என்பது அடகுக் கடையிலிருந்து வரும் நகைக்கு உரிய சொல். இன்னொருவர் பிடியில் இருப்பதை, அதற்கு உரியதைக் கொடுத்துத் திரும்பப் பெறுவது.

ஆகவே, மூழ்கியதைத் தூக்கும் இவ்வகைக் கப்பலுக்கு 'அமிழ்கல எடுப்புக் கப்பல்' என்றும், கட்டுரைக்குள் திரும்பத் திரும்ப வருமிடங்களில் சுருக்கமாக 'எடுப்புக் கப்பல்' என்றும் எழுதலாம் என்பது என் முன்மொழிவு. 'உடைகலம்' என்ற பழஞ்சொல் இருக்கிறதே என்று கேட்கலாம். உடையாமலே மூழ்கிய நீர்மூழ்கிக்கு அது பொருந்தாது. 'அமிழ்கலம்' வினைத்தொகை ஆதலால், தானே அமிழ்ந்து எழும் நீர்மூழ்கியையும் குறித்துவிடுமே என்ற குறை உண்டுதான். எனினும் 'நீர்மூழ்கி' அசையாமல் நிலைத்துவிட்ட சொல் என்பதால் குழப்பம் நேராது என்று நம்புகிறேன். 'எடுப்பு' என்றதும் எடுப்புச் சாப்பாடு நினைவுக்கு வருகிறது என்று யாராவது கேலி செய்தால், அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஓர் இடத்தில் மட்டும் அண்ணாச்சியின் சொல்லே சரி. கடல்வணிகச் சட்டத்தில் சால்வேஜ் என்பது மூழ்கியதைத் தூக்குவது மட்டுமன்று. இயந்திரம் நின்று அலைக்கழியும் கப்பலை இழுத்து வந்து துறை சேர்ப்பதும் அதில் அடங்கும். பலன் கிடைத்தால்தான் வெகுமதி. அந்த வெகுமதி தீரும்வரை காப்பாற்றப்பட்ட கப்பலின்மேல் சேர்த்தவருக்குப் பற்றுரிமை, அதாவது கப்பலையே ஈடாகக் கொள்ளும் உரிமை, உண்டு என்பதால், உரிமையாளர் செய்வது ஏறக்குறைய அடகு மீட்பதுதான். ஆகவே சட்ட நூல்களில் 'மீட்பு' இருக்கட்டும். நீர்மூழ்கிக்குள் உயிரோடு சிக்கியவர்களை வெளியே கொண்டுவரும் கப்பலையும் மீட்புக் கப்பல் என்றே சொல்லலாம். அவர்கள் கடலின் பிடியில் இருப்பவர்கள்.

இன்னொரு சொல்தான் எனக்கு அதிகத் தொல்லை தருகிறது. இரண்டு உடல்கள் இருப்பதால் கொம்முனாவை ஆங்கிலக் கட்டுரைகள் 'கேட்டமரான்' என்கின்றன. நம் கரையிலிருந்து போன சொல் என்ற பெருமையில் அதைக் 'கட்டுமரம்' என்று திருப்பி எழுதினால், உவரியில் கட்டுமரம் தள்ளியவர்கள் சிரிப்பார்கள். மரங்களைச் சேர்த்துக் கட்டிய அதற்கு உடலும் கிடையாது, அடியில் முதுகெலும்புபோல் ஓடும் ஏராவும் கிடையாது. கொம்முனாவுக்கோ உடலே இரண்டு. போன இடத்தில் பொருள் மாறிய சொல்லை அப்படியே திரும்ப வாங்க வேண்டியதில்லை. 'இணைகலம்' என்று எழுதியிருக்கிறேன். 'இரட்டையுடற் கப்பல்' தெளிவாக இருந்தாலும் நீளமாக இருக்கிறது.

2024 ஏப்ரலில் கிரைமியாவின் செவஸ்தபோல் துறைமுகத்தில் கொம்முனாவைத் தாக்கியதாக உக்ரைன் அறிவித்த பகுதியை இந்த வாரம் மொழிபெயர்க்கவிருக்கிறேன். அதற்குள், தூத்துக்குடியில் இருக்கும் நண்பர்கள் யாராவது, மூழ்கிய தோணியைத் தூக்குவதற்கு அங்குள்ள தோணிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால், என் சொல்லைக் கைவிட்டு அதையே வைத்துக்கொள்ள அணியமாக இருக்கிறேன்.